கராஜ் அறையானபோது: சரிந்த தரையை மட்டமாக்கிய அனுபவம்

மீள்குடியேறிய எமது ஊர்களில் முழு வீட்டையும் திரும்பக் கண்டவர்கள் மிகச் சிலரே. சிலருக்குக் கிணறு மிஞ்சியது. சிலருக்குக் குசினி மிஞ்சியது. எங்களுக்குக் கராஜ் மிஞ்சியது. ஓட்டு வீடுகளில் ஓடும் மரமும் போன பின்னர் சுவர்கள் மழையில் நனைந்து ஒவ்வொன்றாய் விழுந்தன. கொங்கிறீற் தட்டுக் கூரை போட்டுக் கட்டிய கராஜ்கள் மட்டும் பல வளவுகளில் தனியாக நின்றன. கையில் பெரிய பணம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு, நிற்கின்ற நான்கு சுவரும் ஒரு கூரையும் சிறிய சொத்தல்ல. ஆனால் கராஜை அறையாக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தடை காத்திருக்கிறது. அதன் தரை சரிவானது.

அந்தச் சரிவை நாங்கள் எப்படி மட்டமாக்கினோம் என்பதனை இங்கே எழுதுகிறேன். கட்டட வேலை ஆண்களின் வேலை என்று விலகி நிற்கும் சகோதரிகளுக்கு இது பயன்படும் என நம்புகிறேன். எங்கள் வேலையில் கலவை இழுத்தவர் மேசன். ஆனால் அளவு எடுத்தவர்கள் நாங்கள்தான்.

எமது ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோம். எங்கள் ஒழுங்கை 2018 இல்தான் விடுவிக்கப்பட்டது. அப்பா வாடகைக்கு ஏ-40 கார் ஓட்டியவர். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. அந்தக் காருக்காக அவர் கட்டிய கராஜ் 10 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்டது. காரும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மாவும், அக்காவும், நானும், என் இரண்டு பிள்ளைகளும் தகரக் கொட்டிலில் இருந்தோம். அக்கா 2009 சித்திரையில் மாத்தளனில் எறிகணை பட்டு வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறார், தையல் செய்கிறார். அந்தக் கராஜ் அவருடைய தையலறையாகவும் படுக்கையறையாகவும் ஆக வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

சரிவான தரையில் இரண்டு நல்ல காலோடு நிற்பவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. செயற்கைக் காலின் பாதமோ மட்டமான தரைக்கு என்று சரிபார்த்துப் பொருத்தப்படுவது. தரை இறங்கினால் முழங்கால் முன்னே தள்ளப்படும். அதைப் பிடித்து நிறுத்த மற்றக் காலும் இடுப்பும் நாள் முழுவதும் உழைக்க வேண்டும். துணி வெட்டும் மேசையில் நாலு மணித்தியாலம் நிற்கிற ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல. ஆகவே எங்களுக்குத் தரை மட்டமாவது அழகுக்கான வேலையாக இருக்கவில்லை.

கராஜ் தரை ஏன் சரிகிறது?

கட்டிய மேசன் தவறு செய்ததால் அல்ல. கார் மழையில் நனைந்து வரும். கராஜுக்குள் வைத்துக் கழுவுவார்கள். எண்ணெய் சிந்தும். அந்தத் தண்ணீர் உள்ளே தேங்காமல் வாசலால் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகவே பின்சுவரில் இருந்து வாசலை நோக்கிச் சரிவு வைப்பார்கள். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. 18 அடிக்கு நாலரை அங்குலம் வரும். எங்கள் கராஜிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்தது.

இதிலிருந்து ஒரு விடயம் விளங்க வேண்டும். சரிவு ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. அதை மூடிவிட்டால் அந்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டே தரையில் கைவைக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் மட்டமாக்கிய கராஜ்கள் முதல் மாரியிலேயே ஈரம் ஊறிப் பாயும் பெட்டியும் பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் அளவு

வேலை பார்க்க வந்த முதலாவது மேசன் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார்.

“இதிலை என்ன தங்கச்சி கிடக்கு? ரெண்டு பை சீமெந்தைக் கலந்து இழுத்துவிட்டால் மட்டமாய்ப் போகும்.”

“எத்தனை அங்குலம் சரிவு அண்ணை?”

“ஒரு ரெண்டு, ரெண்டரை வரும்.”

கண்ணால் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். உண்மையில் இருந்தது அதன் இரண்டு மடங்கு. ஆகவே யாரையும் வேலைக்குப் பிடிப்பதற்கு முன்னர் நீங்களே அளந்துவிடுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சுண்டுவிரல் தடிப்பில் 30 அடி நீளமான, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்ரிக் குழாய் போதும். மேசன்மார் இதனை ரியூப் லெவல் என்பார்கள்.

ஒரு வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, குழாயின் ஒரு நுனியை அதற்குள் அமிழ்த்தி, மறு நுனியைக் கீழே பிடித்து உறிஞ்சி விட்டால் தண்ணீர் நிரம்பும். உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி கலந்தால் தண்ணீர் நன்றாகத் தெரியும். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் குழாய் சரி. நடக்கும்போது இரண்டு நுனிகளையும் பெருவிரலால் பொத்திக்கொள்ள வேண்டும். அளக்கும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும்.

பின்சுவரில் தரையிலிருந்து சரியாக 36 அங்குல உயரத்தில் ஒரு கோடு போட்டோம். அக்கா கதிரையில் இருந்துகொண்டு குழாயின் ஒரு நுனியை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தார். நான் மறு நுனியோடு சுவர் வழியே நகர்ந்து, அக்காவின் பக்கம் தண்ணீர் கோட்டில் நிற்கும் நேரம் பார்த்து என் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சிலால் குறித்தேன். அந்தக் குறிகளை நூல் பிடித்து இணைத்தால் அறையைச் சுற்றி ஒரு மட்டக்கோடு வந்துவிடும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து தரைவரை அளவுநாடாவால் அளந்தோம்.

பின்சுவரில் 36 அங்குலம். 6 அடி தள்ளி 37½ அங்குலம். 12 அடியில் 39 அங்குலம். வாசலில் 40½ அங்குலம். அதாவது மொத்தச் சரிவு நாலரை அங்குலம். கார்ச் சக்கரம் நின்ற இடங்கள் இரண்டிலும் சிறு பள்ளங்களும் இருந்தன. இந்த எண்களை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டோம். அதன் பிறகு வந்த மேசன்மாருக்கு அந்தத் தாளைக் காட்டினேன். கதை உடனே வேறு மாதிரியாகப் போனது. மட்டம் என்பது மேசன் சொல்வதல்ல, தண்ணீர் சொல்வது.

அளவோடு இன்னுமொன்றையும் பார்க்க வேண்டும். பழைய தரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தரையில் கணீரென்ற சத்தம் வரும். கீழே மண் இறங்கிப் பொள்ளலாய்ப் போன இடத்தில் சத்தம் மாறும். அப்படியான இடத்தை உடைத்து, மண் போட்டு இடித்து, திரும்பக் கொங்கிறீற் போட்ட பின்னரே மேலே வேலை செய்யலாம். இறங்குகிற தரைக்கு மேல் எதைப் போட்டாலும் அதுவும் இறங்கும்.

எந்த வழி நல்லது?

எங்களுக்குப் பலரும் பல வழிகளைச் சொன்னார்கள்.

முதலாவது வழி, சாந்து கலந்து பள்ளமான பக்கத்தைத் தடிப்பாகவும் உயரமான பக்கத்தை மெல்லிதாகவும் இழுப்பது. மலிவானது. ஆனால் உயரமான பக்கத்தில் சாந்து கடதாசி போல மெலிந்து முடியும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த சாந்து பழைய கொங்கிறீற்றில் பிடித்து நிற்பது கடினம். அதுவும் எஞ்சின் எண்ணெய் ஊறின கராஜ் தரையில் ஒட்டவே ஒட்டாது. சில மாதத்தில் அப்பளமாய்க் கழன்றுவிடும்.

இரண்டாவது, கொழும்புக் கடைகளில் விற்கும், தானாகவே பரந்து மட்டமாகும் கலவை. அது நல்ல பொருள்தான். ஆனால் சில மில்லிமீற்றர் மேடு பள்ளத்தைச் சரிப்படுத்துவதற்கு உரியது. நாலரை அங்குலத்தை அதால் நிரப்பப் போனால் வீடு கட்டும் காசு அதற்கே போய்விடும்.

மூன்றாவது வழியைக் கனடாவில் இருக்கும் மாமாவின் மகன் தொலைபேசியில் சொன்னார். மரச் சலாகைகளை ஆப்பு வடிவில் சீவி அடுக்கி, மேலே பலகை அடிப்பது. குளிர் நாடுகளில் கராஜை அறையாக்கும்போது இவ்வாறு செய்வார்களாம். அம்மா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அங்கை குளிர் தம்பி. இஞ்சை கறையான்.”

நான்காவது வழி, பழைய தரையை முழுவதாக உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. ஒரு ஒப்பந்தக்காரர் இதைத்தான் வற்புறுத்தினார். தரை வெடித்து, இறங்கிக் கிடந்தால் இதுதான் வழி. எங்களுடையது தட்டிப் பார்த்த இடமெல்லாம் நன்றாக இருந்தது. நல்ல தரையை உடைப்பதற்கும் அள்ளிக் கொட்டுவதற்கும் கூலி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

நாங்கள் எடுத்தது ஐந்தாவது வழி. பள்ளமான பக்கத்தைக் கிறவல் போட்டு இடித்து உயர்த்துவது. அதற்கு மேலே பொலித்தீன் விரித்து, அறை முழுவதும் 3 அங்குலக் கொங்கிறீற் போடுவது. இதில் புதிய கொங்கிறீற் பழைய தரையில் ஒட்டத் தேவையில்லை. தன் தடிப்பிலேயே தனியாக நிற்கும். ஆகவே எண்ணெய் ஊறின தரை என்ற கவலையும் இல்லை. கீழிருந்து வரும் ஈரத்தைப் பொலித்தீன் தடுக்கும். எமது பக்கம் மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறுவதால் இது முக்கியம்.

இதனால் உயரம் எவ்வளவு குறையும் என்பதையும் முன்னரே பார்த்தோம். பின்சுவரில் தரை 3 அங்குலம் உயரும். வாசலில் ஏழரை அங்குலம் உயரும். கூரைத் தட்டுக்கும் தரைக்கும் இடையில் எட்டரை அடி மிஞ்சியது. அது போதும். கூரை பதிவான கராஜ் என்றால் இந்தக் கணக்கைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். கராஜை வசிக்கும் அறையாக்குவதற்கு உங்கள் பிரதேச சபையின் அனுமதி தேவையா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு வழி

தரைக்கு முன்னர் கூரையைப் பார்த்தோம். ஒழுகுகிற தட்டுக்குக் கீழே புதுத்தரை போடுவது வீண். தட்டில் இருந்த வெடிப்புகளை அடைத்து, ஒரு மழை பெய்து பார்த்த பின்னரே கீழே இறங்கினோம்.

அடுத்தது கார் வாசல். அதை அடைத்துக் கட்டி, நடுவில் ஒரு கதவு நிலை வைத்தோம். இந்தச் சுவரைத் தரைக்கு முதலே கட்ட வேண்டும். ஏனெனில் உள்ளே போடும் கிறவலைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பழைய தரையின் விளிம்பில் சுவரை ஏற்றாமல், வெளியே கல் தட்டும்வரை அத்திவாரம் வெட்டிக் கட்டினோம். மற்றச் சுவரில் ஒரு யன்னலும் திறந்தோம். கராஜுக்கு யன்னல் தேவையில்லை, மனிதருக்குத் தேவை.

முன்னர் உள்ளிருந்து வெளியே ஓடின தண்ணீர் இனி உள்ளே வரவே கூடாது. எங்கள் முற்றம் வாசல் தரையை விட இரண்டு அங்குலம் பதிவு. புதிய தரை அதற்கு மேல் ஏழரை அங்குலம். ஆக முற்றத்திலிருந்து ஒன்பதரை அங்குல உயரம். மழைத் தண்ணீருக்கு அது நல்ல தடை. ஆனால் அக்காவுக்கும் அதுவே தடையாகிவிடக்கூடாது. எல்லோரும் இரண்டு படி வைக்கச் சொன்னார்கள். நாங்கள் படிக்குப் பதிலாகச் சாய்தளம் வைத்தோம்.

சாய்தளத்துக்கு ஓர் இலகுவான கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஒன்பதரை அங்குலத்துக்கு ஒன்பதரை அடி. இதைவிடக் குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் செயற்கைக் காலோடு வருபவரும் கஷ்டப்படுவார்கள். கதவுக்கு முன்னால் 4 அடிக்கு ஒரு மட்டமான இடமும் விட்டோம். நின்று திறப்புப் போட அது வேண்டும். மழைத் தண்ணீர் கதவடியில் நிற்காமல் வெளிப்பக்கம் வழிவதற்கு அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு வாட்டம் மட்டும் கொடுத்தோம். தண்ணீர் சாய்தளத்தால் இறங்கி வாழைப் பாத்திக்குப் போகிறது. மேற்பரப்பு வழுக்காமல் இருக்க, ஈரமாய் இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்தோம்.

வேலை நடந்த முறை

2021 இல் தொடங்க நினைத்த வேலை இது. 2022 நெருக்கடியில் சீமெந்து விலை மடங்காய் ஏறியதால் தள்ளிப் போய், 2023 மாசியில்தான் தொடங்கினோம். காத்திருந்த காலத்தில் தேவையான பொருளைச் சரியாகக் கணக்குப் பார்த்து வைத்தோம். 10 அடி, 18 அடி, 3 அங்குலம். அதாவது 45 கனவடி கொங்கிறீற். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குலச் சல்லி என்ற கலவைக்கு 50 கிலோ சீமெந்து 8 பை வேண்டும். மேடு பள்ளத்துக்கும் சேதாரத்துக்குமாக ஒன்றைக் கூட்டி 9 எடுத்தோம். முதலாவது மேசன் சொன்ன இரண்டு பைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இன்னொருவர் 15 பை கேட்டார். கணக்குத் தெரிந்தால் கூடவும் ஏமாற மாட்டோம், குறையவும் ஏமாற மாட்டோம்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை மணல் மலிவாகக் கிடைக்கிறது என்று அப்படியே வாங்காதீர்கள். அதில் உள்ள உப்பு பிறகு ஈரத்தை இழுத்து வெள்ளையாய்ப் பூக்கும். கம்பி இருந்தால் துருப்பிடிக்கச் செய்யும். கொஞ்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாலே உப்புத் தெரியும். ஒரு போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால் எவ்வளவு சேறு என்பதும் தெரியும். கலவைக்கு விடும் தண்ணீரும் குடிக்கக்கூடிய நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் கிணறு சவர் என்பதால் பக்கத்து வளவில் இருந்து எடுத்தோம்.

நிரப்புவதற்கு உடைந்த வீட்டுக் கல்லும் மண்ணும் வளவிலேயே கிடக்கிறதே என்று தோன்றும். இதில் மிகவும் கவனம் வேண்டும். பதுங்கு குழி இருந்த இடம், மண் அணை இருந்த இடம், சோதித்து விடுவிக்கப்படாத காணி ஆகியவற்றில் இருந்து ஒரு கூடை மண்ணும் எடுக்க வேண்டாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், பிள்ளைகளையும் விலக்கிவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். நாங்கள் கிறவல் காசுக்கு வாங்கினோம். அந்தக் காசு வீண் என்று நான் நினைக்கவில்லை.

வேலை தொடங்கிய நாள் தரையை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காயவிட்டோம். மட்டக்கோட்டில் இருந்து 33 அங்குலம் கீழே, சுற்றிவரச் சுவரில் இரண்டாவது கோடு போட்டோம். இதுதான் புதிய தரையின் மேல்மட்டம். 36 அங்குலம் கீழே மூன்றாவது கோடு. இது கிறவலின் மேல்மட்டம். இரண்டு கோடும் சுவரில் இருந்தால், யார் வந்து வேலை செய்தாலும் அதற்குக் கட்டுப்பட்டே செய்ய வேண்டும்.

கிறவலை ஈரமாக்கி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாமல் பரவி, இடிகட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த படையைப் போட்டோம். மொத்தமாய்க் கொட்டி மேலால் மட்டும் இடித்தால் அடியில் இறுகாது. பின்னர் இறங்கும். சரிவு தொடங்கும் பக்கத்தில் கிறவல் ஓர் அங்குலத்துக்கும் குறைந்து போகும் இடத்தில் கிறவலை நிறுத்திவிட்டோம். அந்த இடத்தைக் கொங்கிறீற்றே நிரப்பிக்கொள்ளும். கிறவலின் கூர் பொலித்தீனைக் கிழிக்காமல் இருக்க மேலே மெல்லிதாக மணல் தூவினோம். 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஓர் அடி ஏறும்படி வைத்து, சுவரோரம் 6 அங்குலம் மேலே மடித்து விட்டோம்.

கொங்கிறீற்றை ஒரே நாளில் போடவில்லை. 18 அடி நீளத்தை 6 அடி வீதம் மூன்றாகப் பிரித்து, பின்சுவரில் தொடங்கி வாசலை நோக்கி நாளுக்கு ஒரு பகுதியாகப் போட்டோம். ஒரு பகுதிக்கு மூன்று பை. மெசின் இல்லாமல் ஒரு மேசனும் ஒரு கையாளும் நானுமாகச் செய்யக்கூடிய அளவு அது. பெரிய தரை காயும்போது சுருங்கிக் கண்ட இடத்தில் வெடிக்கும். மூன்றாகப் பிரித்தால் அந்தச் சுருக்கம் இணைப்புகளில் அடங்கும்.

ஒவ்வொரு பகுதியின் இரு ஓரத்திலும் 3 அங்குல உயரச் சலாகைகளை வைத்து, குழாய் மட்டம் பிடித்துச் சரிபார்த்தோம். கொங்கிறீற்றைக் கொட்டிக் குத்தி இறுக்கி, 7 அடி மட்டப்பலகையைச் சலாகைகளின் மேல் வைத்து அறுப்பது போல அசைத்து இழுத்தால் மேற்பரப்பு மட்டமாக வரும். கலவையில் தண்ணீர் கூடக்கூடாது. ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றர் அளவு போதும். இழுக்க இலகு என்று தண்ணீரை ஊற்றினால் பலம் குறையும், வெடிப்பும் வரும். இதில் மட்டும் நான் வாளியை விட்டு நகரவில்லை. மேசன் அண்ணைக்கு முதல் நாள் கோபம். மூன்றாம் நாள் அவரே கையாளிடம், “பிள்ளையைக் கேட்டு ஊத்து” என்றார்.

காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தோம். வெயிலேறினால் மேற்பரப்பு அவசரமாய்க் காயும். மினுக்கம் வரட்டும் என்று சிலர் மேலே வெறும் சீமெந்துத் தூளைத் தூவுவார்கள். அது பின்னர் செதிலாய்க் கழரும். மரக்கட்டையால் தேய்த்து, சற்று இறுகியதும் இரும்புக் கரண்டியால் அழுத்தினால் போதும்.

தண்ணீர் கட்டுதல்

கொங்கிறீற் காய்வதால் பலப்படுவதில்லை. ஈரத்தோடு இருந்தே பலப்படுகிறது. ஆகவே அடுத்த நாள் முதல் ஏழு நாட்களுக்குச் சாக்கை விரித்துக் காலை, மதியம், மாலை நனைத்தோம். இது அம்மாவின் வேலையாயிற்று. காற்று உள்ளே அடிக்காமல் யன்னலையும் சாக்கால் மறைத்தோம். இந்த ஏழு நாளைக்கு மேசனுக்குக் கூலி இல்லை. அதனால்தான் பல இடங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. வீட்டுப் பெண்களே பொறுப்பெடுக்க வேண்டிய வேலை இது.

பாரமான சாமான்களை 28 நாள் கழித்தே வைத்தோம். விரிப்பு போடுவதற்கு இன்னும் பொறுக்க வேண்டும். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, இரண்டு அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைத் தரையில் சுற்றிவர ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. மற்றொன்று, மட்டமான அறையில் வாளி வாளியாய் ஊற்றிக் கழுவ முடியாது. தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேசனோடு கதைக்கும்போது

போருக்குப் பின்னர் வந்த வீட்டுத்திட்டங்களில், கட்டம் கட்டமாகப் பணம் பெற்றுத் தாமே நின்று வீட்டைக் கட்டி முடித்த பெண்கள் எமது மாவட்டங்களில் ஏராளம். அரைவாசியில் ஆள் வராமல் நின்ற அனுபவமும் அவர்களில் பலருக்கு உண்டு. அவர்களிடம் கேட்டும் எங்கள் அனுபவத்தில் கண்டும் சில விடயங்களைச் சொல்கிறேன்.

உங்கள் அளவுத் தாளைக் காட்டிய பின்னரே விலை கேளுங்கள். குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். கூலி வேறு, பொருள் வேறு என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பொருளை நீங்களே வாங்கி எண்ணி வையுங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். கிறவல் இடித்து முடியும்போது ஒன்று, கொங்கிறீற் முடியும்போது ஒன்று, சோதித்துப் பார்த்த பின்னர் கடைசி. சோதிப்பதும் இலகு. 6 அடி நேரான மட்டப்பலகையைத் தரையில் பல பக்கமாக வைத்துப் பாருங்கள். அடியில் 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. பிள்ளைகளிடம் ஒரு போளையை வாங்கித் தரையில் வைத்துப் பாருங்கள். அது நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் தரையில் ஓரிடத்தில் உருண்டது. அண்ணை முகம் சுழிக்காமல் வந்து தேய்த்துச் சரிசெய்து தந்தார்.

இப்போது அக்கா காலையில் யாரையும் கூப்பிடாமல் சாய்தளத்தால் ஏறித் தன் கதவைத் தானே திறக்கிறார். இரவில் காலைக் கழற்றி வைத்த பின்னரும் ஊன்றுகோலோடு பயமின்றி நடமாடுகிறார். பள்ளிக்கூடச் சீருடைத் தையல் எடுக்கிறார். ஒழுங்கையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் தையல் பழக வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி சக்கர நாற்காலியில் வருபவள். சாய்தளத்தை அவளுக்கென்று நாங்கள் கட்டவில்லை. ஆனாலும் அது அவளுக்கும் பயன்படுகிறது.

அந்தப் பிளாஸ்ரிக் குழாய் எங்களிடம் அதிக நாள் தங்குவதில்லை. ஒழுங்கையில் யார் வீட்டில் வேலை தொடங்கினாலும் அங்கே போய்விடும். சென்ற மாதம் மாட்டுக்கொட்டிலைக் குசினியாக்கும் ஒரு சகோதரி கொண்டுபோனார். குழாயோடு மேசனையும் விசாரித்தார். மேசனின் பெயரைச் சொன்னேன். முதலில் அளவை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.